விஞ்சுக் கைப்பிடி

காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிடுங்கக்கா. பெட்டி மூலை கூரா இருக்கு, சேலையப் புடிச்சிக் கிழிச்சிரும். கண்டக்டர் என்னைய மொறைக்காரு பாத்தியளா? லக்கேஜுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு, இன்னும் மொறைக்காரு.

என்னதுன்னா கேக்கிய? விஞ்சு. வள்ளத்தக் கரையில ஏத்துற விஞ்சு. பெரிய நூல்கண்டு மாதிரி ஒரு இரும்பு உருட்டு இருக்கும், அதுல கயிறு சுத்தும். பக்கத்துல பல்லுச்சக்கரம், ஒரு கைப்பிடி. கரையில கான்கிரீட் தூண் நட்டு அதுல போல்ட்டு போட்டு முறுக்கிரணும். கயித்து நுனியில வள்ளத்து மூக்க மாட்டிட்டுக் கைப்பிடியச் சுத்துனா, வள்ளம் மணல்ல ஏறி வரும். கன்னுக்குட்டி வார மாதிரி வரும்க்கா. பாத்தா ஒங்களுக்கே ஆசையா இருக்கும்.

இது ரெண்டாவது விஞ்சு. மொத விஞ்சையும் நான்தான் கடைக்குப் போயிப் பாத்து எடுத்தேன். அத எடுத்துருக்கக் கூடாது. அது என் தப்புத்தான். ஊர்ல எல்லாரும் "அமலோற்பவம், நீ என்ன செய்வ, விடு"ன்னுதான் சொல்லுதாக. எங்க வீட்டுக்காரவுகளும் அப்படித்தான் சொல்லுதாக. எனக்குத்தான் விட முடியல.

நீங்க எதுவரைக்கும்? உடன்குடியா? அப்ப நேரம் இருக்கு. நான் அதுக்கு அங்கிட்டு, சிலுவைத்துறை. இந்த பஸ்ஸு அங்கன போயித் திரும்பிரும், அதுக்கு மேல கடல்தான்.

எங்க ஊருக்குத் துறைமுகம் கெடையாதுக்கா. சரிவு மணல். வள்ளம் அலையோட அலையா வந்து கரையில முட்டும். முட்டுன ஒடனே இழுத்து மேல ஏத்தலன்னா அடுத்த அலை பொரட்டிப் போட்டுரும். அதுக்கு எட்டுப் பத்துப் பேரு கயித்தப் புடிக்கணும். ஆம்பளையதான் புடிப்பாக. பொம்பளைய மேல நின்னு, கூடையும் கையுமாப் பாத்துக்கிட்டு நிக்கணும். ஒரு நாளு ஆளு பத்தலன்னு நான் போயிக் கயித்துல கைய வச்சேன். எங்க கொழுந்தன் லாசர் போட்டாரு பாருங்க ஒரு சத்தம். "மைனி, ஒதுங்குங்க! கால்ல ஏறிச்சின்னா யாரு பதில் சொல்ல?" கரையே சிரிச்சிது. நான் கூடைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மீனக்கூடப் பாக்கல.

கொழுந்தன் கெட்டவருன்னு சொல்லல. தப்பா நெனச்சிராதிய. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தம்பி, ஒரே தம்பி. தனி வள்ளம் வச்சிருக்காரு, பெரிசு. கொரலும் பெரிசு. அவரு கரைக்கு வந்தா வந்தது தெரியும். தன் வள்ளத்த ஏத்திட்டு, தன் ஆளுகளையும் கூட்டிக்கிட்டு வந்து எங்க வள்ளத்தையும் ஏத்திக் குடுப்பாரு. ஒரு நாளு தவற மாட்டாரு. ஒண்ணும் வாங்கவும் மாட்டாரு. ஆனா சத்தம் போட்டுக்கிட்டேதான் செய்வாரு. அண்ணன் செய்யத் தெரியாதவுக மாதிரி, நாங்க ஒண்ணுத்துக்கும் ஆவாத ஆளுக மாதிரி.

பொறவு எங்க வீட்டுக்காரவுகளுக்கு முதுகு போச்சு. கடல்ல வலைய இழுத்து வாங்கும்போது ஒரு புடி புடிச்சிது, அவ்வளவுதான், குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல. எண்ணெய் தடவி, வர்மம் பாத்து, ஊசி போட்டு, கொஞ்சம் தேறுனாக. கடலுக்குப் போயிருவாக, எஞ்சினப் புடிச்சிருவாக, கூட எங்க மாமா மகன் ஒருத்தரு போறாரு, அவரு வலை பாத்துக்கிடுவாரு. இழுக்க மட்டும் முடியாது.

அப்பதான் கொழுந்தன் சொன்னாரு. வீட்ல வந்து சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல. ஏலக்காரரு, யாவாரி, அத்தன பேரும் நிக்கிற எடத்துல வச்சிச் சொன்னாரு. "அண்ணே, வள்ளத்தக் குடுத்துருவோம். நீ எங்கூட வா. எஞ்சினப் புடிச்சிக்கிட்டு சும்மா உக்காரு, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

சும்மா உக்காரு. கேட்டியளா? எங்க அய்யா எனக்குப் போட்ட நகையில வந்த வள்ளம்க்கா அது. மூக்குல எங்கம்மா பேரு எழுதியிருக்கு. குடுத்துருவோமாம். எங்க வீட்டுக்காரவுக சிரிச்சிக்கிட்டு நின்னாக. அவுகளுக்கு ரோசம் கம்மி. எனக்குத்தான் அன்னைக்கிச் சோறு எறங்கல.

அன்னைக்கித்தான் விஞ்சு வாங்கணும்னு முடிவு பண்ணேன். அவுக முதுகுக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல. தெக்க ஒரு ஊர்ல பாத்திருக்கேன், ஒரு ஆளு நின்னு வள்ளத்த ஏத்துறத. அது இருந்தா நாம யாரையும் எதிர்பாக்க வேண்டாம்லா? யாரும் வந்து சத்தம் போட வேண்டாம்லா? எங்க வீட்டுக்காரவுக, "தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடு, நாலு எடம் போறவன், அவனையும் கூட்டிட்டுப் போ"ன்னாக. "அவருக்கு எதுக்குத் தொந்தரவு"ன்னுட்டேன்.

தூத்துக்குடிக்கு நான் தனியாத்தான் வந்தேன். கடைக்காரரு நல்ல மனுசன். வள்ளம் என்ன கனம், மணல் எம்புட்டுச் சரிவு, கயிறு எவ்வளவு நீளம் வேணும்னு எல்லாம் கேட்டாரு. மொத ஒண்ணு காட்டுனாரு, பிரேக் வச்சது. "பாதியில கைய விட்டாலும் வள்ளம் அப்படியே நிக்கும்மா"ன்னாரு. சுத்திப் பாத்தேன். தோள்பட்ட விட்டுப்போச்சு. ரெண்டு கையும் போட்டு, காலையும் ஊனித் தள்ளுனாத்தான் நகருது. ஆம்பள சுத்துற விஞ்சு. இன்னொண்ணு இருந்திச்சு, அதுக்குப் பிரேக் கெடையாது. பல்லுச்சக்கரத்துல ஒரு இரும்பு நாக்கு விழும், ஒவ்வொரு பல்லுக்கும் டக்கு டக்குன்னு விழுந்து பின்னால போவ விடாமத் தடுக்கும். அவ்வளவுதான். ஆனா கைப்பிடி... தயிர் கடையுற மாதிரிக்கா. அப்படி ஓடிச்சு.

"யாரும்மா சுத்துவா?"ன்னு கேட்டாரு. "நான்தான்"னேன்.

சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சு. வெக்கமா, சந்தோசமான்னு தெரியல.

அவரு திரும்பத் திரும்பச் சொன்னாரு, நான் இல்லன்னு சொல்லல. "நாக்குல மணல் சேந்தா சரியா விழாதும்மா. தெனமும் மண்ணெண்ணெய்த் துணி போட்டுத் துடைக்கணும். டக்கு டக்குன்னு சத்தம் வரலன்னா நிப்பாட்டிரணும்." சரின்னேன். எடுத்துட்டு வந்துட்டேன்.

மொத நாளு வள்ளம் ஏறுனத நீங்க பாத்திருக்கணும். அலையில வந்து முட்டிச்சு, மாமா மகன் கொக்கிய மாட்டுனாரு, நான் சுத்துனேன். நான் ஒருத்தி. டக்கு டக்கு டக்கு. எங்கம்மா பேரு என்னையப் பாத்து ஏறி ஏறி வருது. கரையில அத்தன பேரும் வேலைய விட்டுட்டுப் பாத்தாக. பொறவு பொம்பளையதான் மொத சிரிச்சாக, நல்ல சிரிப்பு. ஒருத்தி "அமலிக்கா, எங்க வள்ளத்தையும் ஏத்திக் குடுங்க"ன்னா. நான் ஏத்திக் குடுத்தேன்.

கொழுந்தன் தன் ஆளுகளோட வந்து நின்னாரு. வழக்கமா வார நேரம். "வேண்டாம், ஏறிரிச்சு"ன்னேன். "சரி மைனி"ன்னாரு. சத்தமே போடல. போயிட்டாரு.

மறுநாளும் வந்தாரு. அதுக்கு மறுநாளும். கிட்ட வர மாட்டாரு. தன் வள்ளத்து நெழல்ல உக்காந்து வலையப் பாக்குற மாதிரி இருப்பாரு, கண்ணு இங்கதான் இருக்கும். எங்க வள்ளம் மேல ஏறி நின்ன பொறவுதான் எந்திரிச்சிப் போவாரு. எனக்கு எரிச்சலா வரும். எப்ப இவ கைப்பிடிய விடுவா, எப்ப நாம சிரிக்கலாம்னு உக்காந்திருக்காரேன்னு. வேற எதுக்கு உக்காந்திருக்கப் போறாரு? அப்படித்தான் நெனச்சேன். அவரு பாக்கும்போது நானும் கொஞ்சம் நிமிந்து நின்னு சுத்துவேன். மனுசிதானக்கா.

ஆனி மாசக் காத்து ஒங்களுக்குத் தெரியும்லா? கண்ணத் தொறக்க விடாது. மணல் மூஞ்சியில ஊசி குத்துற மாதிரி குத்தும். அன்னைக்கி வள்ளம் பிந்தி வந்திச்சு. நான் மண்ணெண்ணெய்த் துணி எடுத்துட்டு வரல. தெனமும் எடுப்பேன், அன்னைக்கி எடுக்கல. திரும்பி வீட்டுக்குப் போயி எடுத்திருக்கலாம், கொழுந்தன் பாத்துக்கிட்டு இருக்காரு, எப்படிப் போவ? சுத்த ஆரம்பிச்சேன். பாதிச் சரிவு ஏறிரிச்சு. எங்க வீட்டுக்காரவுக வள்ளத்துக்குப் பின்னால குனிஞ்சு, அடியில போட்ட உருளைக் கட்டைய எடுத்துக்கிட்டு இருந்தாக. பின்னாடி கட்டைய எடுத்து முன்னாடி போடணும், அப்பத்தான் வள்ளம் உருண்டு வரும். முந்தானை காத்துல மூஞ்சியில அடிச்சிது. ஒரு கையால எடுத்துச் சொருகிட்டு, கொழுந்தன் பாக்காரான்னு ஒரு வாட்டி திரும்பிப் பாத்தேன். அவ்வளவு நேரம்தான். நாக்கு விழல. மணல். மணல்தான் காரணம்க்கா. எல்லாரும் அதத்தான் சொன்னாக. காத்துல சத்தமும் கேக்கல.

கைப்பிடி என் கையில இருந்து பிச்சிக்கிட்டுப் போச்சு. ஃபேன் மாதிரிச் சுத்துது. யாரு கைய வச்சிருந்தாலும் முறிஞ்சிருக்கும். வள்ளம் பின்னால போவுது. அவுக குனிஞ்சிருக்காக. முதுகு சரியில்லாத மனுசன், நிமிரவே நேரமாகும். நான் கத்துனேனான்னு தெரியல.

கொழுந்தன் எப்ப எந்திரிச்சாரு, எப்ப வந்தாருன்னு ஒருத்தரும் பாக்கல. அவுகளப் புடிச்சித் தள்ளிவிட்டாரு. அவுக அங்கன போயி விழுந்தாக, ஒரு கீறல் இல்ல. வள்ளம் கொழுந்தன் காலு மேல ஏறி நின்னிச்சு. முட்டுக்குக் கீழ. "அண்ணே"ன்னாரு. அதோட மயங்கிட்டாரு.

வள்ளத்தத் தூக்க எல்லாரும் ஓடி வந்தாக. நானும் கைய வச்சேன். அன்னைக்கி யாரும் என்னைய ஒதுங்கச் சொல்லல.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில கம்பி வச்சாக. இப்ப நடக்காரு, கக்கத்துல கட்டைய ஊனிக்கிட்டு. ஆனா ஆடுற வள்ளத்துல நிக்க அந்தக் காலுக்கு முடியாதுன்னுட்டாக. கடல் முடிஞ்சிது. அவரு வள்ளத்த மச்சினன் ஓட்டுதாரு.

நான் தெனமும் போனேன். நல்ல மீனா எடுத்துக் கொழம்பு வச்சிக் கொண்டு போவேன். அவரு பொண்டாட்டி செசிந்தா வாங்கிக்கிடுவா, "சரிக்கா"ம்பா. சட்டியக் கழுவி, தொடச்சி, மறுநாளு தவறாமத் திருப்பிக் குடுத்துருவா. எங்க பக்கத்துல சட்டியச் சும்மா குடுக்க மாட்டோம்க்கா, ரெண்டு மொளகாயாவது போட்டுத்தான் குடுப்போம். அவ சும்மா குடுத்தா. ஒரு வார்த்த திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

கொழுந்தனும் திட்டல. "விஞ்சு என்ன செய்யும் மைனி, இரும்புதான"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பத்தான் என்னால பாக்க முடியல. கோயிலுக்குப் போயிப் பாவசங்கீர்த்தனம் செஞ்சேன். "பிரேக் இல்லாத விஞ்ச வாங்கிட்டேன் சாமி"ன்னேன். "அது பாவமில்லையேம்மா, வேற ஏதாவது இருக்கா?"ன்னு சாமியாரு கேட்டாரு. வேற ஒண்ணுமில்லன்னு வந்துட்டேன். வேற என்ன இருக்கு?

நானாத்தான் சொன்னேன், அந்த விஞ்சக் கழட்டிருவோம்னு. கழட்டிப் போட்டாச்சு. பழையபடி ஆளுக இழுத்தாக. நான் பழையபடி கூடையும் கையுமா மேல நின்னேன்.

போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி கொழுந்தன் எங்க வீட்டுக்கு வந்தாரு. அவராவே வந்தாரு, கட்டைய ஊனிக்கிட்டு, அந்த மணல்ல. நாற்காலி போட்டேன். தண்ணி குடிச்சிட்டுச் செம்பத் தரையில வச்சாரு. கொரலே எறங்கிப் போச்சுக்கா அவருக்கு. "அண்ணே, ஒரு நல்ல விஞ்சாப் பாத்துப் போடுவோம். எல்லா வள்ளத்தையும் நான் ஏத்திக் குடுக்கேன். ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டே சுத்தலாம்லா? ஏத்துற வள்ளத்துல ரெண்டு மீனு போட்டாப் போதும். வீட்ல உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும்ணே."

எங்க வீட்டுக்காரவுக கண்ணு கலங்கிட்டாக. "ஒனக்கில்லாததாடே"ன்னாக. என்னையத் திரும்பிப் பாக்கல. பாக்கணும்னு அவுகளுக்குத் தோணவே இல்ல.

நானும் சொன்னேன். "அதுக்கென்ன கொழுந்தனாரே, நீங்கதான் செய்யணும்"னேன். சொன்னேன்க்கா, சத்தமாத்தான் சொன்னேன். அடுப்படிக்குப் போயி வெங்காயத்த எடுத்து அரிஞ்சேன். அன்னைக்கிக் கொழம்புக்கு வெங்காயமே வேண்டாம், சும்மா அரிஞ்சேன்.

என்ன பொம்பள நான்? ஒரு மனுசன் கடல எழந்துட்டு வந்து ஒரு கைப்பிடி கேக்காரு. அதக் குடுக்க மனசு கசக்குதே. என் புருசன் உசுரோட இருக்காகன்னா அவராலதான். தெரியுது. எல்லாம் தெரியுது. ஆனாலும் அந்தக் கரையில எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானக்கா.

இன்னைக்கி என்னையத்தான் அனுப்புனாக. கடை தெரிஞ்சவ நான்தான. "பிரேக் இருக்கணும், பெரிசாப் பாரு, ஆம்பள சுத்துறதா எடு, வெரசா ஏத்தணும்"னு சொல்லிவிட்டாக. கடைக்காரரு என்னைய மறக்கல. நடந்ததக் கேட்டு அவருக்கே கஷ்டமாப் போச்சு. ரெண்டு விஞ்சு காட்டுனாரு. ரெண்டுலயும் பிரேக் இருக்கு. ஒண்ணு நான் மொத நாளு பாத்த அதே பெரிசு. இன்னொண்ணு புதுசா வந்திருக்காம், பல்லுச்சக்கரம் கூடுதல். "இதுவும் அதே பாரத்த இழுக்கும்மா, ஆனா மெதுவா ஏத்தும், ரொம்ப நேரம் சுத்தணும்"னாரு. கைய வச்சேன். மறுபடியும் அந்தத் தயிர் கடையுற மாதிரி.

அலையில நிக்கிற வள்ளத்துக்கு நேரம் பெரிசுக்கா. அது எனக்குத் தெரியாதா? தெரியும். பெரிசத்தான் எடுத்திருக்கணும்.

இந்தப் பெட்டியில இருக்கிறது மெதுவா ஏத்துறது.

காலு சரியில்லாத மனுசன்லா, ஊனித் தள்ள முடியாதுல்லா, அவருக்கும் லேசா இருந்தாத்தான நல்லது? வீட்ல அப்படித்தான் சொல்லப் போறேன். அவருக்கு ஒரு நாளு காய்ச்சல் வந்திச்சின்னா, ஆஸ்பத்திரிக்குப் போனாருன்னா, யாராவது சுத்தணும்லா? அதுக்குத்தான். அவருக்காகத்தான் பாத்து எடுத்தேன். நீங்களே சொல்லுங்க, தப்பா?

இருங்க, போனு அடிக்கி.

கொழுந்தன்தான். காலையில இருந்து மூணு வாட்டி அடிச்சிட்டாரு, நான் எடுக்கல. என்னத்தக் கேக்கப் போறாருன்னு தெரியும், எத எடுத்தீகன்னுதான். எடுக்காம இருந்தாலும் ஊருக்குப் போனாத் தெரியத்தான போவுது. எடுத்துருதேன்.

சொல்லுங்க கொழுந்தனாரே... ஆமா, பஸ்ஸுலதான்... ஆமா, உடன்குடி வரப் போவுது... என்ன?... ஆங், சுத்திப் பாத்தேன்... இல்ல... கனமாத்தான் இருக்கு. ஆமா, கனம்தான்... சரி. வச்சிருதேன்.

அக்கா, என்ன கேட்டாரு தெரியுமா? "சுத்திப் பாத்தியளா மைனி, ஒங்களுக்கு லேசா இருக்கா?"ன்னு கேட்டாரு. அவருக்குன்னு கேக்கல. எனக்கு. "கனமா இருந்தா வழியிலேயே எறங்கித் திரும்பிப் போயி மாத்திட்டு வாங்க, நான் நாள் முழுக்க நாற்காலியிலயே இருக்க முடியுமா, நீங்க பாதி சுத்துனாத்தான் நான் ஒத்துக்கிடுவேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்"ங்காரு. அதச் சொல்லத்தான் காலையில இருந்து அடிச்சிருக்காரு. நான் கடையில நிக்கும்போதே சொல்லணும்னு.

நான் கனமா இருக்குன்னுட்டேன். வாயில அதுதான் வந்திச்சு. லேசுன்னு சொன்னாக் கண்டுபுடிச்சிருவாருன்னு... என்னத்தக் கண்டுபுடிக்க? அவரே தாரேங்காரு. தாரேன்னு சொல்லுத மனுசன்ட்டக்கூட ஒளிச்சி வைக்கேனே நான்.

உடன்குடி வந்திரிச்சு. எறங்குங்கக்கா, பாத்து. பேசிப் பேசி ஒங்க காதப் புண்ணாக்கிட்டேன்.

என்ன இது, அந்தா, டீக்கடைப் பக்கம் கட்டைய ஊனிக்கிட்டு நிக்காருல்லா, நீலச் சட்ட? அவருதான்! இங்கயே வந்து நிக்காரே. மாத்துறதா இருந்தாக் கூட வாரேன்னு இங்கன வரைக்கும் வந்திருக்காரு போல, அந்தக் காலோட. நம்ம பஸ்ஸப் பாத்துட்டாரு. கண்டக்டர், ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க, ஒரு நிமிசம்! இந்த ஜன்னல் ஏற மாட்டேங்குதே, நீங்க அந்தப் பக்கம் புடிச்சித் தூக்குங்கக்கா.

கொழுந்தனாரே! இங்க! மேல! மாத்த வேண்டாம், ஏறுங்க! நான் பொய் சொல்லிட்டேன், லேசுதான்! கேக்குதா? எனக்கு லேசா இருக்கு!